புத்தகப்பை சுமக்க வேண்டிய தோள்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. தலைப்பு 'தமிழர் வீரம்'. நான் எடுத்துக்கொண்டது புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்தத் தாயின் கதை. முதல் நாள் போரில் தமையனை இழந்தாள், அடுத்து கணவனை இழந்தாள். பின்னரும் போர்ப்பறை கேட்டதும், தன் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்திற்கு அனுப்பினாள். அந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தார். உயர்த்தினேன். மண்டபமே கைதட்டியது. அந்தக் கோப்பை இன்றும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது.

பத்தாண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும் இவ்வேளையில்தான் ஒரு கேள்வி என்னைத் துளைத்தெடுக்கிறது. அந்த மகனுக்கு என்ன வயது? தன் தலையைத் தானே வாரிக்கொள்ளத் தெரியாத வயதா? அவனிடம் யாராவது கேட்டார்களா? போட்டியில் பேசிய எனக்கு அப்போது வயது 12. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ் கற்ற நடுவர்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

சங்க இலக்கியத்தைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலம் வேறு, அந்த அறம் வேறு. ஆனால் கைதட்டிய நாம் இந்தக் காலத்தவர். இந்தக் காலத்தில், குழந்தையின் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதற்கு உலகம் வேறு பெயர் வைத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டு ரோம் நகரில் ஏற்கப்பட்ட அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தின்படி, 15 வயதுக்குட்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம். 2000-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட விருப்ப நெறிமுறை, கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாத வயதை 18 ஆக உயர்த்தியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2002 பிப்ரவரி 12.

சிறார் போராளி என்றதும் தன்னைவிட உயரமான துப்பாக்கியைத் தூக்கி நிற்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனின் படம்தான் நம் மனத்தில் தோன்றுகிறது. படத்தில் வராதவர்கள் அதிகம். மூட்டை தூக்குபவன், சமைப்பவள், ஒற்றனாக அனுப்பப்படுபவன், தளபதிக்கு 'மனைவி' என்று ஒதுக்கப்படும் 14 வயதுப் பெண் ஆகிய எல்லாரும் இதில் அடங்குவர். 2007-ஆம் ஆண்டு பாரிசில் பல நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள் இதைத் தெளிவாகவே கூறுகின்றன. இச்சிறார்களை முதலில் பாதிக்கப்பட்டவர்களாகவே கருத வேண்டும் என்பதும் அக்கோட்பாடுகளில் ஒன்று.

பாதிக்கப்பட்டவர் என்று சொல்வது எளிது. அதை மனத்தால் ஏற்பது எவ்வளவு கடினம் என்பதை வட உகாண்டாவின் வரலாறு காட்டுகிறது.

அங்கே ஜோசப் கோனி என்பவனின் 'இறைவனின் எதிர்ப்புப் படை' 1980-களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆட்டம் போட்டது. பெயரில் மட்டும்தான் இறைவன். ஊர் மக்கள் அவனுக்கு ஆள் தர மறுத்தபோது அவன் பிள்ளைகளைக் கடத்தினான். 1996 அக்டோபர் 10-ஆம் நாள் இரவு, அபோக்கே என்னும் ஊரில் இருந்த மகளிர் பள்ளி விடுதியிலிருந்து 139 மாணவிகள் இழுத்துச் செல்லப்பட்டனர். அப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியராக இருந்த இத்தாலியக் கன்னியாஸ்திரீ ரேச்சல் பசேரா, கையில் ஆயுதம் ஏதுமின்றி, ஓர் ஆசிரியரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் அவர்களைப் பின்தொடர்ந்து சென்றார். கெஞ்சினார், மன்றாடினார். 109 பேரைத் திரும்ப அழைத்து வந்தார். 30 பேரைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆசிரியர் பணி என்பதற்கு நான் அறிந்த மிகப் பெரிய எடுத்துக்காட்டு இதுதான். கடமை என்ற சொல்லை நாம் மேடையில் எத்தனை எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம்!

அதே வட உகாண்டாவில், 2003, 2004-ஆம் ஆண்டுகளில், பொழுது சாய்ந்ததும் பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிராமங்களிலிருந்து குலு நகரை நோக்கி நடப்பார்கள். கடைகளின் ஐந்தடியிலும் மருத்துவமனை முற்றத்திலும் பேருந்து நிலையத்திலும் உறங்குவார்கள். விடிந்ததும் மீண்டும் நடந்து வீட்டுக்கோ பள்ளிக்கோ போவார்கள். கடத்தப்படாமல் இருப்பதற்காக ஒவ்வோர் இரவும் நடந்த பிள்ளைகள் அவர்கள். பள்ளிப் பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் முணுமுணுத்த நாள்களை எண்ணி நான் வெட்கப்படுகிறேன்.

டொமினிக் ஓங்வென் கதைக்கு வருகிறேன். 1987-ஆம் ஆண்டளவில், பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டான். வயது ஒன்பது அளவில் இருக்கும். அந்தக் காட்டிலேயே வளர்ந்து, அந்தப் படையிலேயே ஒரு பிரிவின் தளபதியானான். தனக்கு நேர்ந்ததையே மற்றப் பிள்ளைகளுக்கும் செய்தான். 2021 பிப்ரவரி 4-ஆம் நாள் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 61 குற்றங்களில் அவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அவற்றுள் ஒன்று. தண்டனை 25 ஆண்டுச் சிறை. அவன் கடத்தப்பட்ட குழந்தை என்பதைத் தண்டனையைக் குறைக்க நீதிபதிகள் கருத்தில் கொண்டார்கள், குற்றத்திலிருந்து விடுவிக்க அதை ஏற்கவில்லை.

இந்தத் தீர்ப்பு சரியா என்று எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். நான் சரி என்ற பக்கம் நின்றேன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன். முப்பது வயதில் ஒருவன் செய்ததற்கு ஒன்பது வயதில் நேர்ந்ததை முழு விடையாகத் தர முடியாது. அவனால் பாழாக்கப்பட்ட பெண்களும் ஒரு காலத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைகளே. ஆனால் அந்த ஒன்பது வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் யாராவது அவனைப் போய்ப் பிடித்திருந்தால்? உதவி என்று நாம் பேசுவது அந்த இடைவெளியைப் பற்றித்தான். அந்த இடைவெளியில் ஒருவரும் வராமற்போனால், பிறகு நீதிமன்றம் மட்டுமே வருகிறது.

அந்த அச்சோலி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் பிரிந்து, கறைபட்டுத் திரும்பும் ஒருவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு பச்சை முட்டையைக் காலால் மிதித்து உடைக்க வேண்டும். அதன் பின் ஊர் அவரை உள்ளே அழைத்துக்கொள்ளும். காட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கும் இந்தச் சடங்கு செய்யப்பட்டது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கூறமாட்டேன். திரும்பி வந்த பெண்களின் குழந்தைகளை ஏசியவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். இருந்தாலும், மன்னிப்பதற்கு ஒரு வாசற்படியை அந்தச் சமூகம் வைத்திருந்தது. நம்மிடம் அது இருந்ததா?

நண்பர்களே, இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டு 'ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு உதவுவோம்' என்று எழுதியிருந்தால் யாருக்கும் சங்கடம் இராது. முதலில் அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பொய்யாகப் பட்டது.

யூனிசெப் நிறுவனம் 2003 முதல் 2008-இன் இறுதி வரை, விடுதலைப் புலிகள் படையில் சேர்த்த சிறார் என்று 6,000-க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்தது. பதிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே அது. தங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் மீது புகார் கொடுக்க எத்தனை பெற்றோருக்குத் துணிவு இருந்திருக்கும்? 1998-இல் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குச் சென்றபோது, 17 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை, 18 வயதுக்குட்பட்டவர்களைச் சண்டைக்கு அனுப்புவதில்லை என்று புலிகள் வாக்களித்தனர். அது காப்பாற்றப்படவில்லை. போர் நிறுத்தம் இருந்த 2003-இல் யூனிசெப்புடன் திட்டமொன்று வகுக்கப்பட்டு, விடுவிக்கப்படும் சிறாருக்காகக் கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையம் கூடத் திறக்கப்பட்டது. ஆள் சேர்ப்பு நிற்கவில்லை. 2004-இல் கிழக்கில் கருணா பிரிந்தபோது வீட்டுக்கு ஓடி வந்த பிள்ளைகளைப் புலிகள் மீண்டும் தேடி வந்தார்கள். அடுத்து கருணா தரப்பும் பிள்ளைகளைப் பிடித்தது. அரசாங்கப் படையினர் அதற்கு உடந்தையாக இருந்தனர் என்று 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் ஆலன் ராக் குற்றம் சாட்டினார். கடைசி மாதங்களில் வன்னியில், பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்து வைத்த தாய்மார்கள் இருந்தார்கள், பிடித்துப் போகாமல் இருக்க அவசரத் திருமணம் செய்து வைத்தவர்களும் இருந்தார்கள். வேலைக் கையில் கொடுத்தனுப்பிய தாயை நான் மேடையில் புகழ்ந்தேன். மகளைக் குழிக்குள் ஒளித்து வைத்த தாயைப் பற்றிப் பேச எந்தப் போட்டியிலும் எனக்குத் தலைப்புக் கிடைத்ததில்லை.

இதை எழுதுகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. 2004 சுனாமியின்போது கோயிலில் அரிசி மூட்டை கட்டியவர் அவர். 2009-இல் வேலைக்கு விடுப்புப் போட்டுத் தலைநகரில் நடந்த கூட்டத்திற்குப் போனவர். பிறகு கேட்டார். "ஏம்மா, எழுதறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா? அங்க குண்டு போட்டவன விட்டுட்டு, செத்தவங்களயா கேள்வி கேக்கணும்?"

அப்பாவின் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 2006 ஆகஸ்டு 14-ஆம் நாள் முல்லைத்தீவு மாவட்டத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது இலங்கை விமானப் படை குண்டு வீசியது. பயிற்சிப் பட்டறைக்கு வந்திருந்த பள்ளி மாணவிகள் பலர் மாண்டனர். அவர்கள் புலிகள் என்றது அரசாங்கம், மாணவிகள் என்றது யூனிசெப். கவனியுங்கள், 'சிறார் போராளி' என்ற சொல்லே அங்கே கொலைக்கு ஒரு சமாதானமாகிவிட்டது. நம்மில் ஒரு சாரார் அந்தப் பிள்ளைகளை மாவீரர் என்கிறோம், எதிர்த்தரப்பு பயங்கரவாதி என்கிறது. இரண்டு பெயர்களுமே பிள்ளையைப் பெரிய ஆளாக்கிவிடுகின்றன. பிள்ளை பிள்ளைதான் என்று ஒரு பக்கமாவது விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். அந்தப் பக்கமாக, தொலைவில் பத்திரமாக இருந்த நாம் இருந்திருக்கலாம்.

நின்றவர்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ விரிவுரையாளராக இருந்த ராஜினி திராணகம, இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் சக விரிவுரையாளர்களுடன் சேர்ந்து பதிவு செய்தார். 'முறிந்த பனை' நூல் அப்படி உருவானதுதான். 1989 செப்டம்பர் 21-ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. அவருடைய சகாக்கள் தலைமறைவாக இருந்துகொண்டே தொடர்ந்து எழுதினார்கள், சிறார் ஆள்சேர்ப்பைப் பற்றியும் எழுதினார்கள். ஒரு பல்கலைக்கழக ஆண்டு மலரில் எழுதுவதற்கு நான் தயங்குவதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

'அந்தப் பிள்ளைகள் விரும்பித்தானே சேர்ந்தார்கள்' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதற்கு என் வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தார். என் கொள்ளுப்பாட்டி பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய பெருமை, எனக்கும்தான். ஆனால் ஏன் சேர்ந்தாய் என்று பாட்டி ஒரு முறை தன் அம்மாவிடம் கேட்டாராம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். முகாமில் சோறு போடுவார்கள் என்றார்கள், அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனது போல நம்மைப் பிடிக்கமாட்டார்கள் என்றும் நினைத்தோம், என்று சொன்னாராம். இந்திய விடுதலையும் மனத்தில் இருந்தது, இல்லாமல் இல்லை. மூன்றும் கலந்த ஒன்றுக்கு 'விருப்பம்' என்று பெயர் வைக்கிறோம். பசியும் பயமும் சுற்றி நிற்கும்போது 16 வயதில் தலையாட்டியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதனால்தான் 'விரும்பிச் சேர்ந்தான், ஆகவே நமக்குப் பொறுப்பில்லை' என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தபோது 594 சிறார்கள் முன்னாள் போராளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டு, ஓராண்டில் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் சிலர் கொழும்பை அடுத்த இரத்மலானை இந்துக் கல்லூரியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள். இன்று அவர்கள் முப்பதைத் தாண்டியிருப்பார்கள். போர் நடந்தபோது அவர்களுக்காக முழக்கமிட்ட நம்மில் எத்தனை பேர், அதன் பின் அவர்களில் ஒருவரின் படிப்புச் செலவைப் பற்றி விசாரித்தோம்?

போனது போகட்டும் என்றாலும், கடமை நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. மியன்மார் இராணுவம் நெடுங்காலமாகச் சிறுவர்களைப் பிடித்து வந்தது. ரயில் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் தனியாக நிற்கும் பையனிடம் அடையாள அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் சிறையா, படையா என்பார்கள். 2012-இல் ஐ.நா.வுடன் ஓர் உடன்பாடு கையெழுத்தாகி நூற்றுக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டனர். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் நிலைமை மீண்டும் சீரழிந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாயப் படைச் சேவைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து ஓடி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இங்கே, மலேசியாவில். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் இந்நாட்டில் பதிந்துள்ளோர் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள். அகதிகள் சாசனத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகையால் அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. தேவாலயங்களும் தொண்டர்களும் நடத்தும் கற்றல் நிலையங்கள்தான் அவர்களுக்குப் பள்ளி. ஆனால் நான் முன்பு குறிப்பிட்ட விருப்ப நெறிமுறையை மலேசியா 2012-இல் ஏற்றுக்கொண்டது. தன் நாட்டு எல்லைக்குள் இருக்கும், படையில் சேர்க்கப்பட்டிருந்த பிள்ளைகள் உடலும் மனமும் தேற உதவ வேண்டும் என்று அதன் ஆறாவது விதி கூறுகிறது. இது இரக்கத்தால் கேட்கும் பிச்சை இல்லை, நாடு கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு. நம்மிடையே சட்டம் படிக்கும் நண்பர்கள் இருக்கிறீர்கள், இதை எடுத்துப் பேசலாமே?

கடந்த ஆண்டு முதல் சனிக்கிழமைகளில் இப்படியொரு நிலையத்தில் நான் கணிதமும் மலாய்மொழியும் கற்பிக்கிறேன். ஒரு கடைவீட்டின் மேல்மாடி. மின்விசிறி இரண்டு, பிள்ளைகள் நாற்பது. பத்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் 17 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். 13 வயதில் ஒரு படைப்பிரிவுக்கு மூட்டை சுமந்தவன் என்று நிலையப் பொறுப்பாளர் சொன்னார். எந்தப் பக்கத்துப் படை என்று நான் கேட்கவில்லை. முதல் இரண்டு மாதம் அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு அது புதிதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன ஆண்டு, மலாய் சரளமாக வராமல் கடைசி வரிசையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை ஒருவர் இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார். அவ்வளவுதான் செய்தார். அதையே நானும் செய்து பார்த்தேன். இப்போது அவன் பின்னங்கள் போடுகிறான். வகுத்தலில்தான் இன்னும் தகராறு.

பெரிய மாற்றம் எதையும் நான் செய்துவிடவில்லை என்பதை அறிவேன். தேர்வு வாரங்களில் நான்கு சனிக்கிழமைகள் போகவும் இல்லை. திரும்பிப் போனபோது அவன் என்னைப் பார்த்து நாள்காட்டியைச் சுட்டிக் காட்டினான். நான்கு சனிக்கிழமைகளிலும் பென்சிலால் சிறு கோடு போட்டிருந்தான்.

அப்பா இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. வன்னித் தாய்மார்களைப் பற்றிய இடத்தில் மட்டும் நிறுத்தி, "இது எங்களுக்கும் தெரியும்மா. தெரிஞ்சுதான் பேசாம இருந்தோம்" என்றார். மறுவாரம் என் சகோதரனின் பழைய கணிதப் பயிற்சி நூல்களைப் பெட்டியில் கட்டி, நிலையத்துக்குக் கொண்டு போ என்று காரில் வைத்தார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பல்கலைக்கழக நுழைவாயிலிலிருந்து புறப்படுகிறோம். இப்போதைக்கு மூவர் போகிறோம். அறிவியல் கற்பிக்க ஆளில்லை. காரில் ஓரிடம் காலியாக இருக்கிறது.